மூன்றாவது டிஸ்க்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் இது எனக்கு நடந்தது. பிளவ்திவ் நகரில், ஒரு மருத்துவமனையின் நிலவறையில், ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில்.

அங்கே ஒரு சர்வர் பெட்டியில் பன்னிரண்டு டிஸ்க்குகள். நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் எல்லாம் அதில்தான். அவற்றில் ஒன்று செத்துவிட்டது. ஒன்று போனால் பெட்டி தாங்கும். நான் தவறிப்போய் நல்லது ஒன்றையும் உருவிவிட்டால் அத்தனை படங்களும் போச்சு. கூடவே என் வேலையும் போச்சு.

எது செத்தது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டாமா? தெரியாது. டிஸ்க்கின் எண் அதன் முதுகில் அச்சிட்டிருக்கும். வெளியே உருவினால்தான் படிக்க முடியும். அதற்காகத்தான் முகப்பில் லேபிள் ஒட்டுவது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த புண்ணியவான் ஒன்றுக்குக்கூட ஒட்டவில்லை. பாதி தின்ற பனித்சா பலகாரத்தை வீட்டு மேசையில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சோபியா நகரிலிருந்து யாவோர் போனில் இருந்தான். எங்கள் அலுவலகத்துக்காரன்தான். அவன் அங்கிருந்து கட்டளை கொடுத்தால் செத்த டிஸ்க்கின் நீல விளக்கு மினுக்கும். பந்தாட்டம் பார்க்கவிடாமல் உயிரை வாங்குகிறாய் என்று முனகிக்கொண்டே கொடுத்தான். மினுக்கியது. மேலிருந்து மூன்றாவது. அதன் முகப்பில் ஒரு லேபிளை அழுத்தி ஒட்டிவிட்டுப் புது டிஸ்க்கை எடுக்கத் திரும்பினேன்.

சர்ர்ரக்…

காகிதம் உரியும் சத்தம். திரும்பிப் பார்த்தால் விளக்கு அணைந்திருந்தது. லேபிள் நான்காவது டிஸ்க்கில் இருந்தது.

கதவை உள்ளே பூட்டியிருந்தேன். சாவி என் பையில்.

விளக்கை ஏன் அணைத்தாய் என்று யாவோரிடம் எரிந்து விழுந்தேன்.

"தாயே, நீதானே 'போதும், அணைச்சிடு'ன்னு சொன்ன?"

"நான் வாயே தெறக்கல."

"நாலாவதை உருவப் போறேன்னும் சொன்னியே…"

என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

மறுபடி போடச் சொன்னேன். மினுக்கியது. மூன்றாவதுதான். விரலை அதன்மேல் வைத்தேன். திரும்பவில்லை. கண்ணைக்கூட எடுக்கவில்லை.

அப்போது போனில்… என் குரல்.

"அது இல்ல. பக்கத்துல."

நான் உதட்டை இறுக மூடியிருந்தேன்.

மூன்றாவதையே உருவினேன்.

அதன் முதுகில் இருந்த எண், செத்த டிஸ்க்கின் எண்ணோடு பொருந்தியது. படங்கள் பிழைத்தன. புதியதைச் செருகினேன். மற்றவற்றுக்கு லேபிளாவது மண்ணாவது… போனை அணைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் இந்த அழைப்புகள் எல்லாம் பதிவாகும். மறுநாள் யாவோர் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினான். நான் போனை வைத்த பிறகும் அது ஓடியிருக்கிறது. என் குரல் நிதானமாக எண்களைப் படிக்கிறது. பெட்டியில் இருந்த டிஸ்க்குகளின் எண்கள், மேலிருந்து வரிசையாக. யாவோர் தன் கணினிப் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். பதினொன்று அப்படியே சரி.

மூன்றாவதில் மட்டும் டிஸ்க்கின் எண் இல்லை. செத்தது இருந்த அந்த இடத்தில் அது படித்தது, என் அடையாள அட்டை எண்ணை.