எம்புட்டு தூரம் கேக்கணும்?

அப்பாவின் பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர்களுக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்க, அவரையும் அழைத்துக்கொண்டு டவுன்ஹால் ரோட்டுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒன்றை ஓடவிட்டதும் சூடேறிய தூசியின் மணம் எழுந்தது.

"எம்புட்டு தூரம் கேக்கணும்ணே?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்போது நாங்கள் இருந்தது மேலூர்ப் பக்கத்துக் காலனியில். நான் பத்தாவது பாஸான அன்று, வீட்டு ஆம்ப்ளிஃபயரிலும் இதே மணம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்யாண வீடு மாதிரி ஸ்பீக்கர்களை வாசலில் வைத்து அப்பா பாட்டுப் போட்டார். மேலத்தெருவிலிருந்து ஒருவன் சைக்கிளில் வந்தான். அவனுக்கு என் வயதுதான் இருக்கும்.

"டேய் கருப்பையா, எங்க தெரு வரைக்கும் கேக்குது. ஒம் மக பாஸானத ஊருக்கே சொல்லணுமோ?"

"திருப்பி வச்சிர்றேன் சாமி."

அன்று முழுக்க ஸ்பீக்கர்கள் எங்கள் மண்சுவரைப் பார்த்துப் பாடின.

கடையில் அப்பா வாய்திறக்குமுன் நானே சொன்னேன்: "தெரு முழுக்கக் கேக்கணும்ணே." பெரியதாகவே வாங்கினோம்.

மறுநாள் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு இப்போது நானும் அப்பாவும் இருக்கும் நாகமலை புதுக்கோட்டை வீட்டுக்குத் திரும்பினேன். தெருவில் சத்தமே இல்லை. கதவைத் திறந்தால், பாட்டு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஸ்பீக்கர்களையும் அப்பா சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்.