வெள்ளிக்கிழமை வந்த பணம்

எங்கள் தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து இரத்தினபுரி கணினிப் பயிற்சிக்குத் தெரிவான முதல் பெண் நான். கட்டணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மூன்று மணி. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த அண்ணன், செவ்வாயன்றே பணத்தை என் கணக்குக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். புதனும் வியாழனும் கஹவத்தை வங்கிக்கு ஓடினேன். வரவில்லை.

வெள்ளி காலை போனில் கத்திவிட்டேன். "காசு இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க அண்ணே. ஏன் பொய் சொல்றீங்க?"

அவர் போனை வைத்துவிட்டார்.

மறுபடி வங்கிக்குப் போனேன். கவுண்டரிலிருந்த சிங்கள அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தலைமை அலுவலகத்துக்கு இரண்டு தடவை பேசினார். "வேற பேங்க் சல்லி, லேட் ஆகுது நங்கி. கொஞ்சம் இருங்க" என்றார் தெரிந்த தமிழில், காசுக்குச் சல்லி, தங்கைக்கு நங்கி என்று சிங்களமும் கலந்து.

பதினொன்றரைக்குக் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். பணம் வந்திருந்தது. அனுப்பிய நாள் செவ்வாய் என்றிருந்தது.

உடனே அண்ணனை அழைத்தேன். "அண்ணே, காலையில நான்..." என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் பொறவு பேசலாம். ஓடு, பஸ்ஸப் புடி."

ஓடினேன். இரத்தினபுரியில் பணத்தைக் கட்டி, இரண்டே முக்காலுக்கு ரசீது கைக்கு வந்தபோது, சந்தோஷத்தில் அதை என்னால் வாசிக்கவே முடியவில்லை.

அந்த மன்னிப்பை மட்டும் அண்ணன் இன்றுவரை என்னைக் கேட்க விடவில்லை.