விபத்து இடத்துக்கு முதலில் போகிறவன்

மன்னாரிலிருந்து இணையத்தளமொன்றுக்குச் செய்தி அனுப்புகிற எனக்கு அடுத்தவர் வீட்டுச் சாவுதான் வேலை. அதைக் கைத்தொலைபேசியில் பார்த்து "ஐயோ பாவம்" என்று எழுதிவிட்டு நாலு பேருக்கு அனுப்பிவைக்கிற உங்களுக்கும் இதில் பங்கிருப்பதால் சொல்கிறேன்.

நொறுங்கிய வான்

சேர்ந்த புதிதில் இலுப்பைக்கடவையில் வானொன்று மரத்தில் மோதிச் சாரதி அந்த இடத்திலேயே இறந்துபோனார். ஆளைப் படமெடுக்க எனக்கு மனம் வரவில்லை. வானை மட்டும் நாலு பக்கமும் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் தளத்தின் ஆசிரியர் கொழும்பிலிருந்து அழைத்தார். "தம்பி, தகரத்தை ஆர் பாக்கப்போகினம்? ஆளின்ர படம் எங்க?"

சாரத்தைக் கழற்றியவர்

போகப்போக அந்தத் தயக்கம் போய்விட்டது. கட்டுக்கரைப் பக்கம் உழவு இயந்திரம் புரண்டு ஒருவர் இறந்தார். பக்கத்து வயலில் நின்ற கமக்காரர் ஓடிவந்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கழற்றி உடலை மூடிவிட்டுக் காற்சட்டையோடு நின்றார். பொலிஸ் வருமுன் ஒரு படம் எடுக்கவேண்டும், சாரத்தைக் கொஞ்சம் விலக்குங்கோ என்றேன். அப்படிக் கேட்க எனக்கு வெட்கமாகக்கூட இருக்கவில்லை. அவர் அசையவில்லை. உங்கள் சொந்தக்காரரோ என்று கேட்டேன். "ஆரெண்டே தெரியாது. ஆனா நீங்கள் போகுமட்டும் நான் இதிலதான் நிப்பன்."

மறைத்த முகம்

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: முகத்தை மங்கலாக்காமல் படம் அனுப்புவதில்லை. பெரிய தர்மவான் என்ற நினைப்பு எனக்கு. கீரிக் கிராமத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய் டிப்பர் லொறியில் அடிபட்டு இறந்தபோதும் அப்படித்தான் செய்தேன்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் மகனின் சாவைத் தாயிடம் ஒரேயடியாகச் சொல்லமாட்டார்கள். "காலில சின்னக் காயம்" என்று சொல்லி வைத்துவிட்டு, பங்குச் சுவாமியும் சொந்தக்காரரும் வந்து பக்கத்தில் இருந்த பிறகுதான் மெல்ல மெல்லச் சொல்வார்கள். அன்றைக்குச் சுவாமி வழியில் வந்துகொண்டிருக்கும்போதே யாரோ நீட்டிய கைத்தொலைபேசியில் அந்தத் தாய் என் படத்தைப் பார்த்துவிட்டார்.

அடக்கம் முடிந்து சில நாட்களில் மன்னிப்புக் கேட்கப் போனேன். முகத்தை மறைத்துத்தான் போட்டேன் அம்மா என்றேன். வேறென்ன சொல்ல? "முகத்தை மறைச்சனீங்கள், அவன் போட்டிருந்த சேட்டை மறைக்கேல்லையே தம்பி. அது நான் தைச்ச சேட்டு."

கெஞ்சல்

ஆசிரியரோடு சண்டை பிடித்துப் படத்தைத் தளத்திலிருந்து நீக்கவைத்தேன். அதற்குள் வேறு பல பக்கங்கள் அதை அள்ளிக்கொண்டு போயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எழுதிக் கெஞ்சினேன். வெளிநாட்டிலிருந்து ஒருவர் மட்டும் பதில் போட்டார். "உங்கட பேரையும் போட்டுத்தானே போட்டனாங்கள் அண்ணை, பிறகென்ன?"

முப்பத்தோராம் நாள்

அந்த இளைஞரின் நினைவுப் பூசைக்குப் போய்க் கோயிலின் பின்வரிசையில் நின்றேன். முடிந்ததும் தாய் நேரே என்னிடம் வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் எனக்கும் ஆறுதலாக இருக்கும் போலிருந்தது. அவர் ஏசவில்லை. திருநாளன்று மகன் சிரித்துக்கொண்டு நிற்கிற படமொன்றை என் கையில் தந்தார். "போனில அவன்ர பேரை அடிச்சுத் தேடினா நீங்கள் எடுத்த படம்தான் முதல் வருது. அதுக்கு முன்னால இது வாற மாதிரி ஒருக்காச் செய்து தருவீங்களோ?"

அந்தச் சிரித்த முகத்தை இதுவரை பதினொரு தடவை போட்டுவிட்டேன், ஆனால் ஆட்கள் எதைக் கூடுதலாகப் பார்க்கிறார்களோ அதுதான் முன்னுக்கு நிற்குமாம், இன்றைக்கும் என்னுடைய படம்தான் முன்னுக்கு நிற்கிறது.