டிறைவர் செல்வத்துரையும் சந்தி மாதாவும்

உடுப்பிட்டியிலிருந்து தொண்டைமானாற்றுக்குப் போகிற வழியில், ஒரு சந்தியில் மாதா சிலை நிற்கிறது. அவ்விடத்தில் எந்தப் பஸ்ஸும் ஒருகணம் நிற்கும். கொண்டக்டர் குதித்து இறங்கி, உண்டியலில் சில்லறையைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஏறுவான். சைவக்கார டிறைவர்களும் அப்படித்தான். செல்வத்துரை மட்டும் தன் உத்தியோக காலம் முழுக்க ஒருநாள்கூட அங்கே பிறேக்கை அழுத்தியவர் அல்லர். சிலை கும்பிடாத புரட்டஸ்தாந்து வேதம், அமெரிக்க மிசன் குடும்பம். சிலைக்கு முன்னால் பஸ்ஸை மெதுவாக்குவதும் பாவம் என்கிற வைராக்கியம். அந்த வைராக்கியத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

போன மாரியில் வேப்பமரம் முறிந்து விழுந்ததில் மாதாவின் முகமும் ஒரு கையும் சிதைந்துபோயின. திருத்துவதற்குக் காசு சேர்த்துத் தருகிறேன் என்று கத்தோலிக்கக் கோவில் சுவாமியாரிடம் போய் நின்றவர் இதே செல்வத்துரைதான். சுவாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

காரணம் சீலா. அவள் கத்தோலிக்கப் பெண். செல்வத்துரையைக் கட்டுவதற்காகத் தன் கோவிலை விட்டுவிட்டு அவருடைய கோவிலுக்கு வந்தவள். அவர் விடச் சொன்னார், அவள் விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் அவள் கண்ணை மூடினாள். மகன் றயன் கனடாவில் இருக்கிறான். ஆளில்லாத வீட்டில் கிடந்து யோசித்தபோதுதான், தான் எதைப் பறித்தோம் என்பது செல்வத்துரைக்கு உறைத்தது. மாதாவுக்கு முகத்தைக் கொடுத்தால் சீலாவுக்கு அவளுடைய பொருளைத் திருப்பிக் கொடுத்ததாகும் என்று நம்பினார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடுவீடாக ஏறி இறங்கினார்.

“என்ன அண்ணை, வேதம் மாறியாச்சோ?” என்று சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் காசும் கொடுத்தார்கள், ஆனால் படலைக்குள் வாருங்கள் என்று கூப்பிடவில்லை. அவருடைய கோவில்காரர் சிரிக்கவுமில்லை. ஞாயிறு ஆராதனையில் அவர் வழக்கமாக உட்காருகிற நீள வாங்கில் மெல்ல மெல்ல ஆள் குறைந்து, கடைசியில் அந்த வாங்கு முழுக்க அவருக்கே என்றாகிவிட்டது. ஆனாலும் அவர் ஒரு ஞாயிறும் தவறாமல் போனார்.

சந்திக்குப் பக்கத்தில்தான் சீலாவின் தங்கை அருமைநாயகியின் வீடு. கலியாண நாளிலிருந்து அவள் அவரோடு முகங்கொடுத்துக் கதைத்தவள் இல்லை.

“மாதாவுக்குத் தாறன். உங்களுக்கில்லை,” என்று படலைக்கு மேலால் காசை நீட்டினாள்.

திருத்திய சிலையை வைகாசியில் சுவாமியார் மந்திரித்து ஆசீர்வதித்தார். பூசை முடிந்ததும், வீட்டில் சாவு கண்டவர்கள் வரிசையாகப் போய் மாதாவின் காலடியில் மெழுகுதிரி ஏற்றினார்கள். அது அந்த ஊர் வழக்கம். செல்வத்துரை லைற் போஸ்ற்றோடு ஒட்டிக்கொண்டு நின்றார். இவர் மிசன் ஆள்தானே என்று ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.

அருமைநாயகிதான் கடைசியில் கிட்ட வந்தாள்.

“ஏன் அத்தான் தள்ளி நிக்கிறியள்? அக்காவுக்கு ஏத்தேல்லையோ?”

“எனக்கு முறை தெரியாது, மச்சாள். அவளின்ரை கோவிலை நான்தான் பறிச்சனான். சாகுமட்டும் அவள் இந்தப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. அதுக்காகத்தான் இவ்வளவு பாடும்.”

அருமைநாயகி இன்னும் கிட்ட வந்தாள்.

“அவள் சனிக்கிழமை தவறாமல் வந்தவள், அத்தான். சந்தைக்குப் போறன் எண்டு உங்களிட்டைச் சொல்லிப்போட்டு வருவாள். இதிலை முழந்தாளிலை நிண்டு செபமாலை சொல்லிப்போட்டு, எங்கடை வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போவாள். செபமாலை என்னட்டைத்தான் கிடக்கு.”

சீலா தன் கோவிலை விட்டுவிடவில்லை. அவருக்குத்தான் சொல்லவில்லை.

“உங்கடை வீட்டிலை வந்து என்ன செய்வாள்?” என்று மெல்லக் கேட்டார்.

“என்ன செய்யிறது? கதைதான். ஊர்ப்பட்ட கதை. கதைச்சுக் கதைச்சுச் சிரிச்சுக்கொண்டே இருப்பாள். வாய் மூடமாட்டாள்.”

என்ரை மனுசி வாய் பேசாதவள், தங்கமான பிள்ளை என்றுதான் செல்வத்துரை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர்.

அருமைநாயகி நீட்டிய மெழுகுதிரியை வாங்கி ஏற்றினார். சீலாவிடம் சொல்ல ஒரு வார்த்தையும் அவருக்கு வரவில்லை.