பட்டியலில் வராத வைஃபை

எங்கள் கடையில் அவனுக்கு ஏணி என்று பெயர். ஆளும் நெட்டை, தோளிலும் எந்நேரமும் ஏணி. வீடு வீடாகப் போய் இன்டர்நெட் இணைப்பு கொடுப்பதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. பதினோரு வருடம் அவனோடு சேர்ந்து சுவரில் ஓட்டை போட்ட உரிமையில் சொல்கிறேன், வேலையில் சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவனுக்கு ஒரு பழக்கம். எந்த வீட்டில் மோடம் மாட்டினாலும் வைஃபையின் பெயரை மறைத்துவிட்டுத்தான் வருவான். அக்கம்பக்கத்தில் யார் போனில் தேடினாலும் பட்டியலில் அது வராது. "பேரே தெரியாதப்போ எவன்க்கா உள்ள வரப்போறான்?" என்பான். வீட்டுக்காரம்மாக்களும் அவனைப் பெரிய விஞ்ஞானி மாதிரி பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பேர மறைச்சா ஆச்சாடா? பாஸ்வேர்ட ஒழுங்கா வை" என்று கத்துவேன். "சும்மா பயமுறுத்தாத" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான்.

அவனுடைய சொந்த அக்கா ஒருநாள் கையில் மாவுக்கட்டோடு, ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். புருஷன் கதவிடுக்கில் வைத்து நசுக்கிய கை. இனி செத்தாலும் அந்த வீட்டுக்குப் போவதில்லை என்றாள். ஏணி ஊரின் மறுகோடியில், அச்சில் வார்த்த மாதிரி நிற்கும் நாலு மாடிக் கட்டடங்களில் ஒன்றில் வீடு பிடித்துக் கொடுத்தான். சொந்தக்காரர்கள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கை சரியானதும் அக்கா வீட்டிலிருந்தே வேலை பார்க்கவேண்டும். அதற்கு இன்டர்நெட் வேண்டும்.

அங்கேதான் எங்கள் தொழில் புத்தி குறுக்கே வந்தது. புது மோடம் வைக்கும்போது பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே அதில் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். வீட்டிலிருக்கும் போன், கம்ப்யூட்டர் எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும், நமக்கு வேலை மிச்சம். அக்கா புருஷன் வீட்டுக்கு வைஃபை போட்டவனும் ஏணிதான். அங்கே வைத்த அதே பெயரை, அதே பாஸ்வேர்டை இங்கேயும் வைத்தான். மறைத்தாகிவிட்டதே என்ற தைரியம்.

மறைத்த பெயரை மோடம் தானாகச் சொல்லாது. அதனால் அந்த வைஃபையில் சேர்ந்து பழகிய போன்தான் போகுமிடமெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கும். கூப்பிட்டால் மோடம் பதில் கொடுத்துவிடும். அக்கா புருஷன் பாக்கெட்டிலிருந்த போனும் ஒன்றரை மாதம் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டேதான் ஊர் சுற்றியிருக்கிறது.

அக்காவை அந்தப் பக்கம் பஸ்ஸில் பார்த்ததாக யாரோ அந்தப் புருஷனிடம் சொல்லியிருக்கிறார்கள். வந்து தெருத் தெருவாக அலைந்திருக்கிறான். ஒரு மத்தியானம், நடுத்தெருவில், அவன் வீட்டு வைஃபையில் போன் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு கட்டடமாக, ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கி, சிக்னல் எங்கே முழுசாக வருகிறது என்று பார்த்து, சரியாக அக்கா வீட்டுக் கதவை உதைத்தான்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடியதால் கதவு தப்பியது. போகிறபோது போனைத் தூக்கிக் காட்டி, "உன் தம்பிக்கு ரொம்ப தேங்க்ஸ் சொல்லு" என்று கத்திவிட்டுப் போனானாம்.

நானும் ஏணியும் ஓடினோம். பிள்ளை கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வர மறுத்தது. அக்கா ஒற்றைக் கையால் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். நடந்தது இன்னதென்று ஏணிக்குப் புரிந்து முகம் வெளிறிப்போனது. "மறைச்சுதான்க்கா வெச்சேன், மறைச்சுதான் வெச்சேன்" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அவனை அறையவேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அன்றைக்கே அக்கா பிள்ளையோடு கிளம்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்துக் கடைக்குப் போன் வந்தது. அக்கா குரல் என்றதும் ஏணியும் கேட்கட்டுமென்று நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"வேற வீட்டுக்கு வந்துட்டோம்டா. பாப்பா சாப்பிடுறா. நீ கவலப்படாத."

"எங்கக்கா? இப்பவே வரேன்."

"வேண்டாம். இடம் உனக்குத் தெரிய வேண்டாம்."

"நான் போயி அந்தாளுகிட்ட சொல்லுவேனாக்கா?"

அக்கா கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"அப்பவும்தான் நீ சொல்லலையேடா."