ஸ்டார் ஸ்க்ரூ போட்ட போனோகிராஃப்

ஸ்நேக் நகரத்துக் கால்வாய்ப் பாலத்தைப் படகுகளுக்காகத் தூக்கி இறக்குவது வீபேவின் வேலை. ஒரு படகுக்கும் அடுத்த படகுக்கும் நடுவில் அவரால் சும்மா உட்கார முடியாது. எழுந்து நடப்பார், ஜன்னலைத் துடைப்பார், போனில் பழைய போனோகிராஃப் பாட்டுப்பெட்டி விளம்பரங்களைத் துழாவுவார். வீட்டில் ஏற்கெனவே நான்கு இருந்தன.

ஐந்தாவதை '1905-ல் செய்தது, அருமையாகப் பாடும்' என்று ஒருவன் போட்டிருந்தான். மூன்று படங்கள், மூன்றும் ஒரே பக்கம். நேரில் பார்க்க வரட்டுமா என்று வீபே கேட்டார். வீடு மாறுகிறேன், பார்சலில்தான் அனுப்ப முடியும், இன்னொருவரும் கேட்கிறார் என்று பதில் வந்தது. அந்தக் கடைசி வார்த்தையில் விழுந்தார். பணத்தை அனுப்பிவிட்டு ஒன்பது நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டி வந்தது. பாட்டு வரும் குழலின் வாய் நசுங்கியிருந்தது. அதை நிமிர்த்திவிடலாம். இயந்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அடியில் எல்லாமே ஸ்டார் ஸ்க்ரூ. அந்தக் காலத்தில் அப்படி ஒரு ஸ்க்ரூவே கிடையாது.

"என்ன வீபே, பாடுதா உன் ராணி?" என்றாள் மனைவி பௌக்யெ.

"பாடும். வயசுதான் பொய்."

விற்றவனின் பக்கம் அதற்குள் காணாமல் போயிருந்தது. இரண்டு நாள் பொருமினார். மூன்றாம் நாள் பாலத்து அறையில் உட்கார்ந்து அதே படங்களை, அதே வரியோடு, தன் பெயரில் விற்பனைக்குப் போட்டார். ஒரு மணி நேரத்தில் ஹென்னி என்ற பெண் கேட்டாள்: "இது அசல்தானா? அடிப்பக்கம் காட்டுவீங்களா?"

'அசல்தான்' என்று அடித்தார். அனுப்புவதற்குள் மணல் ஏற்றிய படகு ஒன்று ஊதியது. பாலத்தைத் தூக்கினார். படகு நீளமானது, நகர்வேனா என்றது. விசையைப் பிடித்தபடி நின்றபோது, தான் ஒன்பது நாள் வாசலையே பார்த்திருந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து அந்த வார்த்தையை அழித்தார். வீட்டுக்குப் போனதும் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார்.

"ஸ்க்ரூவைப் பாருங்க. என்னை ஏமாத்திட்டாங்க. நானும் உங்களை ஏமாத்தப் பாத்தேன்."

"அதே படத்தை நம்பித்தான் நானும் வாங்கினேன்," என்று ஹென்னி எழுதினாள். "அந்த ஆள் நீங்கதான்னு நெனச்சேன். போலீசுல குடுக்கலாம்னுதான் கேட்டேன்."

சனிக்கிழமை அவள் ஸ்வொலே ஊரிலிருந்து தன் இயந்திரத்தோடு வந்தாள். மேசையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல நின்றன. பௌக்யெ காபியும் சர்க்கரை ரொட்டியும் வைத்தாள். இருவரும் சேர்ந்தே புகார் கொடுத்தார்கள், ஆள் அகப்படவில்லை.

வீபே செய்யப் பார்த்ததை ஹென்னி பௌக்யெயிடம் சொல்லவில்லை. கார் வரை கொண்டுவிட்டபோது அதற்கு நன்றி சொல்ல வீபே வாயெடுத்தார். அதற்குப் பதில் அவளுடைய இயந்திரத்தைப் பின்சீட்டில் நிற்கவைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டார்.