மவுஸைத் தூக்கி வைத்த முத்துலட்சுமி

எதிரே இல்லாத வாத்தியாருக்கும் எதிரே இருக்கும் மாணவிக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதுதான் ஆன்லைன் வகுப்பில் உதவியாளர் வேலை. சிவகாசிக்கு பிராட்பேண்ட் வந்த புதிதில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அந்த வேலையைப் பார்த்தேன். பாடம் நடத்தும் சார் சென்னையில் இருப்பார். அவர் குரலும் திரையும் எங்களுக்கு வரும், எங்கள் குரலும் திரையும் அவருக்குப் போகும், அவ்வளவுதான். அந்தக் காலத்து இன்டர்நெட்டோடு மல்லுக்கட்டியவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

புரிஞ்சுதா?

முதல் நாள் சார் பாடத்தை முடித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். லைன் போய்விட்டது என்று நினைத்து எனக்குப் போன் போட்டுக் கத்தினார். திரும்பிப் பார்த்தால், எட்டுப் பெண்களும் ஸ்பீக்கரைப் பார்த்துப் பவ்யமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கேமரா கிடையாது என்று விளக்கினேன். முதல் வரிசை முத்துலட்சுமிக்கு மனசே ஆறவில்லை.

"இம்புட்டு நேரமா தலைய ஆட்டுறோம், அங்கன ஒண்ணுமே தெரியலையா மிஸ்?"

இழுக்கப்படாது

முத்துலட்சுமி ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு வெடிமருந்து அடைப்பவர். எங்கள் சென்டரின் இந்த டிசைன் படிப்பில் தேறினால் திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தீபாவளி விடுமுறை முடிந்து கம்பெனி திறப்பதற்குள் தேற வேண்டும். இல்லையென்றால் பழையபடி மருந்து அறைதான்.

"படத்தை மவுஸால இழுத்து இந்த மூலையில வைங்க" என்றார் சார். எல்லோருக்கும் படம் நகர்ந்தது, இவருக்கு மட்டும் நகரவில்லை. சாருக்கு அங்கே அசையாத படம்தான் தெரியும். "கவனிக்கவே மாட்டேங்கறாங்க" என்று சலித்துக்கொண்டார். பக்கத்தில் போய்ப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. முத்துலட்சுமி மவுஸை அப்படியே உயரத் தூக்கி, மேசையின் அடுத்த மூலையில் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். மேசையோடு தேய்த்து இழுங்கள் என்றதும் பதறிப்போய்க் கையை எடுத்துவிட்டார்.

"மருந்து ரூம்ல எதையும் தேச்சு இழுக்கப்படாது மிஸ், உரசுனா பத்திக்கிடும். ஒம்பது வருசமா எதையும் தூக்கித்தான் வைக்கேன்."

இன்னுமா?

தீபாவளி நெருங்க நெருங்க சீசன் வேலை கூடியது. கம்பெனி வேன் அவரைக் கொண்டுவந்து இறக்கும்போது வகுப்பே முடிந்திருக்கும். பதிவு செய்த பாடத்தைப் போட்டுக் கொடுப்பேன். அதையே திரும்பத் திரும்பக் கேட்பார். ஐந்தாவது தடவை எனக்கு எரிச்சல் வந்து, "இன்னுமா?" என்று கேட்டுவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஹெட்போனைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"எத்தன தடவ கேட்டாலும் இந்த சார் 'இன்னுமா'ன்னு கேக்க மாட்டாருல்ல மிஸ்."

மிச்சம் இருபது நிமிடம்

கம்பெனி திறப்பதற்கு முந்தின நாள் தேர்வு. ஒரு மணி நேரத்தில் காலண்டர் தாள் ஒன்றை வடிவமைக்க வேண்டும். சார் சென்னையிலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நாற்பதாவது நிமிடம் லைன் போனது. திரும்ப வந்தபோது, "நான் பார்க்காம செஞ்சத ஏத்துக்க முடியாது, அடுத்த மாசம் எழுதட்டும்" என்றார். அடுத்த மாதம் அச்சக வேலை இருக்காது என்று சொல்லிக் கெஞ்சினேன். சார் கொஞ்சம் இறங்கி வந்தார். "மிச்சம் இருபது நிமிஷம் தரேன். புதுத் தாள், முதல்லேருந்து. முடியுமா?"

முத்துலட்சுமி உடனே வேலையைத் தொடங்கிவிட்டார். கட்டம், தேதி, கிழமை, நடுவில் படம். ஒரு இடத்தில்கூடக் கை நிற்கவில்லை. பதினெட்டு நிமிடத்தில் முடித்தார். ஸ்பீக்கரில் "பாஸ்" என்று வந்ததும் நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை, ஸ்பீக்கர் பக்கம் குனிந்து சொன்னார்.

"சார், வேல விட்டு மேலெல்லாம் மருந்தோட வந்து குளிக்கிற வரைக்கும் எம்பிள்ளய எட்ட நில்லுன்னு இனிமே வெரட்ட வேண்டாம் சார். வாசல்லயே தூக்கிக்கிடுவேன்."

ஆன்லைன் படிப்புக்கு வாத்தியார் எந்த ஊரில் இருந்தாலும் போதும், அழுவதற்கு மட்டும் பக்கத்திலேயே ஒரு ஆள் வேண்டும் என்பதால்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார்களோ என்னவோ.